கணினி வந்த பிறகும் டாக்டர்களுக்கு ஏன் வேலை குறையவில்லை?

கேள்வி இதுதானே: காகிதமெல்லாம் போய் மருத்துவமனையே கணினிக்கு மாறிய பிறகும் டாக்டர்களும் நர்ஸ்களும் தகவலில் திணறுவது ஏன்?

கையால் எழுதிய காலத்தில் தேவையானதை மட்டும் எழுதினார்கள், கை வலிக்குமே. இப்போது நேற்றைய குறிப்பை அப்படியே காப்பி செய்து, இன்றைக்கு நாலு வரி சேர்த்து, பரிசோதனை முடிவுகளும் தானாக வந்து விழ, ஒரே வாரத்தில் ஒரு நோயாளியின் பதிவு பக்கம் பக்கமாக நீண்டுவிடுகிறது. மருந்தை ஏன் மாற்றினார்கள் என்ற ஒற்றை வரி அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கும்.

அதைவிட மோசம், மருந்து எழுதும்போது கணினி திரையில் காட்டும் எச்சரிக்கைகள். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் ஒதுக்கிவிடுவதாக 2006-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. இது சோம்பேறித்தனம் இல்லை. வருடக்கணக்கில் ஒருவர் சேர்த்தே சாப்பிடும் இரண்டு மாத்திரைகளுக்கு ஒவ்வொரு தடவையும் அதே பெட்டி திரையில் குதித்தால் கை தானாக அதை மூடிவிடும், அந்த வேகத்தில் பென்சிலின் ஒவ்வாமை எச்சரிக்கையும் சேர்ந்தே போய்விடும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஆய்வின்படி, நோயாளியோடு செலவிடும் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போனது.

சரி, என்ன செய்யலாம்? இன்னொரு மென்பொருள் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லோரும் மூடிவிடும் எச்சரிக்கை எது என்று மாதாமாதம் பார்த்து அதை நிறுத்துங்கள், உயிருக்கு ஆபத்தானவை மட்டும் திரையை மறிக்கட்டும். பில்லுக்காக மட்டும் நிரப்பும் கட்டங்களை டாக்டரிடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுங்கள்.