எத்தனை மில்லிமீட்டர், எத்தனை சோடி? ஸ்கீ வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் பேர்ண் பக்கம் இருக்கிறோம். 9 வருடத்துக்கு முன் வாங்கிய 74 மி.மீ. அகல ஸ்கீயில்தான் இன்னும் ஓடுகிறேன். புதிதாக எடுக்கலாம் என்று கடைக்குப் போனால் சுவர் முழுக்க அகலமானவைதான். "இப்போது எல்லாரும் 95, 100தான் எடுக்கிறார்கள்" என்கிறார் விற்பவர். என்னோடு வேலை செய்பவர் மூன்று சோடி வைத்திருக்கிறார். நான் வருடத்துக்கு 8, 10 நாள்தான் போவேன், அதுவும் பிள்ளைகளோடு பீஸ்டில்தான், அதாவது இயந்திரத்தால் சமப்படுத்திய சறுக்குத் தடத்தில். எது எடுக்கலாம்? ஒன்றுக்கு மேல் தேவையா?

பதில்: தம்பி, உங்களுக்கு ஒரு சோடி போதும். அகலமும் 85ஐத் தாண்ட வேண்டாம். காரணத்தையும் சொல்கிறேன். அது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: முனை, இடுப்பு, வால். கடையில் "இது 98" என்றால் நடு எண்ணைச் சொல்கிறார்கள், அதாவது சப்பாத்துக்குக் கீழே ஸ்கீ எவ்வளவு அகலம் என்று. பெரியவர்களின் வழக்கமான ஸ்கீ சப்பாத்தின் அடி முன்பக்கத்தில் சுமார் 69 மி.மீ. அகலம். ஸ்கீயின் இடுப்பும் கிட்டத்தட்ட அதே அளவென்றால், இரும்பு விளிம்பு பாதத்துக்கு நேர்கீழே வரும். உங்களுடைய 74இல் நடுவிலிருந்து விளிம்பு 37 மி.மீ. தள்ளியிருக்கிறது. 104 எடுத்தால் 52 மி.மீ. வெறும் 15 மி.மீ. கூடுகிறது, ஆனால் கெட்டிப் பனியில் வளையும்போது முழு எடையும் அந்த ஒற்றை விளிம்பில்தான் நிற்கும். விளிம்பு தள்ளிப் போகப் போக, ஸ்கீயைத் தட்டையாகத் திருப்பிவிடப் பார்க்கும் விசை கூடும். அதைத் தாங்கிப் பிடிப்பது கணுக்காலும் முழங்காலும். ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு மாறவும் கூடுதல் நேரம் பிடிக்கும். இடுப்பின் அகலம் மாறும்போது முழங்கால் மடங்கித் திரும்பும் விதமே மாறுகிறது என்று ஸ்லொவேனிய ஆய்வாளர்கள் 2015இல் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி விழுந்த காலையில் கதையே வேறு. அங்கே விளிம்பை நம்பி நிற்பதில்லை, ஸ்கீயின் முழு அடிப்பரப்பும் பனியில் தங்குகிறது. பரப்பு கூடினால் மிதப்பும் கூடும். 74இல் முட்டி மோதிப் போகிறவர் 105இல் மிதந்து போவார். ஆகவே அகல ஸ்கீயைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பனிக்கு எந்த ஸ்கீ என்பதுதான் கேள்வி.

இந்த அகலமெல்லாம் பிறந்தது ஆழப் பனிக்காகத்தான். 1980களில் இரண்டு மீட்டருக்கும் நீளமான, ஒடுங்கிய, நேரான ஸ்கீக்கள்தான் இருந்தன. 1988 அளவில் ஆஸ்திரியாவின் அட்டோமிக் நிறுவனத்தில் ரூப்பர்ட் ஹூபர் என்பவர் ஒரு ஸ்னோபோர்டை நெடுக்காக இரண்டாக அறுத்துப் பார்த்ததிலிருந்து 'பவுடர் பிளஸ்' வந்ததாகச் சொல்வார்கள். கனடாவில் ஹெலிகாப்டரில் மலையுச்சிக்குக் கூட்டிப்போகும் நிறுவனங்கள் அதை விரும்பி எடுத்தன. சாதாரண ஓட்டக்காரர்களும் அதில் ஆழப் பனியைச் சமாளித்தார்கள். 2002 அளவில் ஷேன் மெக்கான்கி என்ற பிரபல ஸ்கீ வீரரின் யோசனையில் வோலண்ட் நிறுவனத்தின் 'ஸ்பாட்டுலா' வந்தது. இடுப்பு 125 மி.மீ., முனையும் வாலும் அதைவிட ஒடுக்கம், இரு நுனியும் மேல்நோக்கி வளைந்தவை. பெயருக்கு ஏற்றபடி தட்டகப்பை மாதிரியே இருக்கும். தண்ணீரில் சறுக்கும் ஸ்கீயைப் பார்த்து, ஆழப் பனியும் அப்படித்தானே என்று யோசித்த மனிதர் அவர். இன்றைக்குக் கடையில் 'ரொக்கர்' என்று சொல்லும் நுனி வளைவுக்குப் பெரிய பாதை போட்டது அந்த ஸ்கீதான்.

அதற்குப் பிறகு ஆழப் பனிக்கு வந்த அகலம் எல்லா நாளுக்குமான ஸ்கீயிலும் ஏறியது. ஃபோல்கல் நிறுவனத்தின் 'மந்த்ரா' என்ற ஸ்கீயைப் பாருங்கள். 2000களின் நடுவில் 94இல் தொடங்கி 96, 98 என்று ஏறி 2015 அளவில் 100ஐத் தொட்டது. 2018இல் வந்த அடுத்த மந்த்ரா 96க்குத் திரும்பிவிட்டது. நுனி வளைவு நல்லதாக அமைந்தால் மிதப்புக்காக அகலத்தையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொன்று, கெட்டிப் பனியில் ஒடுக்கமான ஸ்கீ தரும் பிடியை ஆட்கள் திரும்பவும் தேடத் தொடங்கியது. இத்தனைக்கும் நடுவில் உலகக்கிண்ணப் போட்டிக்காரர்கள் 65 மி.மீ. பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஓடுவது தண்ணீர் பாய்ச்சி இறுக்கிய பனியில்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில், எனக்கு மிகவும் பொருந்தும் என்று 106 மி.மீ. சோடி ஒன்றைக் கழிவு விலையில் கொடுத்தார்கள். நான் எங்கே ஓடுகிறேன், எத்தனை நாள் ஓடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆழப் பனி கிடைத்தது இரண்டே நாள். மிச்ச நாளெல்லாம் காலை 9 மணிப் பனியில் பிடி கிடைக்காமல், மாலையில் முழங்கால் வலியோடு வீடு வந்தேன். அடுத்த வருடம் பாதி விலைக்கு விற்றேன். விற்பவர் உங்களிடமும் அந்தக் கேள்விகளைக் கேட்காவிட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

அப்புறம் மூன்று சோடி. ஆங்கிலம் பேசும் ஸ்கீக்காரர்கள் தங்களிடமுள்ள ஸ்கீக்களை மொத்தமாக 'குவிவர்' என்பார்கள், நம் மொழியில் அம்பறாத்தூணி. கடலலையில் சறுக்குபவர்களிடமிருந்து வந்த வழக்கு அது. ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு அம்பு. யூட்டாவின் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கிலோ ஜப்பானின் நிசெகோவிலோ பக்கத்திலேயே வீடு, வருடத்துக்கு 40 நாள் மலையில் என்றால் அந்தத் தூணிக்கு அர்த்தம் உண்டு. அங்கே ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக 10 மீட்டருக்கு மேல் பனி கொட்டும். 8 நாள் போகிறவரின் மூன்று சோடியில் இரண்டு நிலவறையில் கிடந்து துருப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுவது), விளிம்பு தீட்டல், அடியில் பூசும் வாக்ஸ், வருடாந்தச் சோதனை எல்லாம் தனித்தனிச் செலவு.

78 முதல் 85க்குள், நுனியில் கொஞ்சம் ரொக்கர் உள்ள ஒரு சோடி எடுங்கள். வாங்குமுன் அதே மாதிரியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காலைக் கெட்டிப் பனியிலும் மத்தியானச் சேற்றுப் பனியிலும் ஓடிப் பாருங்கள். உங்கள் சப்பாத்துக்கும் 9 வயது என்றால் காசை முதலில் அதில் போடுங்கள். பாதத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் சப்பாத்து, எந்தப் புது ஸ்கீயையும்விட உங்கள் ஓட்டத்தை மாற்றும்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிறோம். புளூ மவுண்டனுக்குத்தான் போவோம். 104 மி.மீ. ஸ்கீ பாதி விலையில் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மலையின் மொத்த இறக்கமே சுமார் 220 மீட்டர். பெரும்பகுதி இயந்திரப் பனி, இரவில் உறைந்து காலையில் கல்லாகக் கிடக்கும். 70க்கும் 80க்கும் இடையில் தேடுங்கள். எப்போதாவது பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போனால் அகலமானதை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். அன்றைய பனியைப் பார்த்துக் கொடுப்பார்கள், விமானத்தில் சுமந்து போகவும் வேண்டாம். பாதி விலை என்பதைப் பற்றி ஒரு சொல்: உங்கள் மலைகளில் கடைக்காரருக்கு விற்க முடியாமல் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த அகலங்கள்தான்.

கேள்வி: என் பழைய பைண்டிங் நல்ல நிலையில் இருக்கிறது. அதைக் கழற்றி அகலமான புது ஸ்கீயில் போட்டால் 300 பிராங்க் மிச்சம் பிடிக்கலாமே?

பதில்: மூன்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முதலாவது, கழன்ற ஸ்கீயை நிறுத்தும் பிரேக் கம்பிகள் இரண்டும் ஸ்கீயின் இரு பக்கமும் இறங்க வேண்டும். 85க்கான பிரேக் 98இல் இறங்காது, வளைத்துப் பார்க்கவும் கூடாது. சில பைண்டிங்குக்கு அகலமான பிரேக் தனியாக வாங்கலாம். எல்லாவற்றுக்கும் கிடைக்காது. இரண்டாவது, சப்பாத்தின் அடி: புதிய சப்பாத்துகள் பலவற்றில் நடக்க வசதியான கிரிப்வோக் அடி வருகிறது, பழைய பைண்டிங்குகள் பல அதை ஏற்காது. மூன்றாவது, வயது: பழைய மாதிரிகளைக் கடைக்காரர் தொடவே மறுக்கலாம். தயாரித்தவர் அந்த மாதிரிக்கு இனிப் பொறுப்பு ஏற்காததால்தான் மறுக்கிறார், அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். விழும்போது காலை விடுவிக்க வேண்டிய பொருள் அது. சுவிஸில் கடைகளில் சோதித்து, விபத்துத் தடுப்பு நிறுவனமான பி.எஃப்.யு.வின் ஒட்டுச்சீட்டைப் போட்டுத் தருவார்கள். வருடம் தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி: 14 வயது மகள், தோழிகளைப் பார்த்து அகலமான, இரு நுனியும் வளைந்த ஸ்கீதான் வேண்டும் என்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஆசைப்படட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் வாங்காமல் பருவ வாடகைக்கு எடுங்கள். இந்த வயதில் உயரமும் எடையும் ஒரே குளிர்காலத்துக்குள் மாறிவிடும். தோழிகளுடையது போலவே தோற்றமுள்ள, இடுப்பு 80, 85க்குள் இருக்கும் இருமுனை ஸ்கீக்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் ஊர்களில் நடக்கும் ஸ்கீபோர்ஸ் எனும் பழைய ஸ்கீச் சந்தைகளிலும் மலிவாகக் கிடைக்கும். அங்கே வாங்கினால் ஸ்கீயைத் திருப்பி அடியைப் பாருங்கள். விளிம்பு இரும்பு வெடித்திருந்தாலோ, பக்கச்சுவர் பிளந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் பைண்டிங் பூட்டிய துளைகள் மேலே இருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி: நான் வருடத்துக்கு 25 நாள் ஓடுகிறேன். 82 இருக்கிறது. இரண்டாவதாக 90 நல்லதா, 100 நல்லதா?

பதில்: உங்கள் கணக்கில் இரண்டாவது சோடி நியாயமானது. 90 வேண்டாம், 82இன் வேலையைத்தான் அதுவும் செய்யும். எந்த நாளுக்கு எதை எடுப்பது என்று ஒவ்வொரு காலையும் குழம்புவீர்கள். 100 முதல் 106க்குள் எடுத்தால் பனி கொட்டிய நாளுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று என்று தெளிவாகப் பிரியும். ஆனால் போன பருவத்தில் அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை கிடைத்தன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குள் என்றால், நாளுக்கு 50 முதல் 75 பிராங்க் கொடுத்து வாடகைக்கு எடுப்பதே லாபம். வாங்குவதென்றால், சப்பாத்து நீளத்துக்கு ஏற்பத் தண்டவாளத்தில் நகரும் பைண்டிங் போட்டு வாங்குங்கள். உங்கள் உயரமும் எடையும் உள்ள தம்பியோ மச்சானோ இருந்தால் அவர் சப்பாத்துக்கும் கடையில் சரிசெய்து ஓட்டலாம், செலவும் பாதியாகும்.

கேள்வி: மகனுக்கு 20 வயது. போன வருடம் 108 மி.மீ. வாங்கினான். இப்போது பீஸ்டை விட்டு வெளியே, பாதுகாப்பு எல்லைக்கு அப்பாலுள்ள சரிவுகளுக்குப் போகிறான். பயமாக இருக்கிறது. தடுக்கவா?

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. முன்பெல்லாம் ஆழப் பனியில் ஓடப் பல வருடப் பழக்கம் வேண்டும், அதற்குள் மலையைப் பற்றியும் நாலு விஷயம் தெரிந்துவிடும். அகல ஸ்கீ அந்தக் கஷ்டத்தைக் குறைத்துவிட்டது. பனிச்சரிவு அபாயம் அப்படியேதான் இருக்கிறது. 20 வயதுப் பிள்ளையைத் தடுத்தால் சொல்லாமல் போவான். அதனால் அடுத்த செலவு இன்னொரு ஸ்கீயாக இருக்கக் கூடாது என்று மட்டும் பேசி வையுங்கள். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் எல்.வி.எஸ். தேடுகருவி, மண்வாரி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக்கம்பி மூன்றும் அவனிடமும் கூடப் போகும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் கூட இருப்பவர்தான் எடுக்க முடியும், ஹெலிகாப்டர் அதற்குள் வராது. கருவியைப் பயன்படுத்தப் பழக்கும் வகுப்புக்கும் அனுப்புங்கள்.

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். எனும் சுவிஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது, தொலைபேசிச் செயலியிலும் வரும். அபாயம் 1 முதல் 5 வரை. 3 என்றால் பலர் நடுத்தரம் என்று நினைத்துப் போகிறார்கள். ஆனால் உயிரிழப்புகளில் சுமார் பாதி அந்த மூன்றாம் நிலையில்தான் நடக்கின்றன. அவன் போகவிருக்கும் நாளுக்கு முதல் மாலை, அந்த அறிக்கையை அவனை உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.