மின்னஞ்சல் தொடர்கதை பாதியில் துண்டிக்கப்படுவது குறித்து

வணக்கம். எழுத்தாளர்கள் தம் படைப்புகளை மின்னஞ்சலில் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் தளத்தில் நீங்கள் அனுப்பும் தொடர்கதையின் நீண்ட அத்தியாயங்கள் வாசகர்களின் ஜிமெயிலில் பாதியில் நின்றுவிடுவதாகவும், இடையில் சேர்பவர்கள் முதல் அத்தியாயத்தைக் கண்டுபிடிக்கத் திணறுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலைத் துண்டித்துவிடும். எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, ‘கோ’ என்ற ஒரே உயிர்மெய்க்கு ஆறு பைட் செலவாவதாலும், வடிவமைப்புக் குறிகளும் அதே கணக்கில் சேர்வதாலும், ஆங்கிலத் தொடர்களுக்குச் சொல்லப்படும் நீள அளவு நமக்குப் பொருந்தாது. அத்தியாயத்தை 1,500 சொற்களுக்குள் நிறுத்துவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. தொடர்கதைக்கு அது குறைவான நீளமும் அன்று.

இரண்டாவது சிக்கல் எளிது. அனுப்பிய மடலைத் திருத்த இயலாது, இணையப் பக்கத்தைத் திருத்தலாம் என்பதால், அத்தியாயப் பட்டியலுக்கு ஒரு நிலையான பக்கம் அமைத்து, அதன் இணைப்பை வரவேற்பு மடலிலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பகுதியிலும் இடுங்கள்.