ஸ்கேனர் பெயர் தெரிகிறது, ஸ்கேன் மட்டும் ஓடவில்லை

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்களிடம் எப்சன் பர்ஃபெக்‌ஷன் 3490 ஸ்கேனர் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் மகன் என் மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். ஸ்கேனரின் பெயர் திரையில் வருகிறது. ஸ்கேன் பட்டனை அழுத்தினால் ‘இணைக்க முடியவில்லை’ என்று நிற்கிறது. தாத்தா ஊரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய உள்ளன. வீடு மாறுவதற்குள் அவற்றை ஸ்கேன் செய்ய வேண்டும். புது ஸ்கேனர் வாங்கத்தான் வேண்டுமா?”

வேண்டாம். பெயர் தெரிகிறது என்றால் கேபிள், யுஎஸ்பி துளை, மின்சாரம் மூன்றும் சரியாக இருக்கின்றன. உங்கள் ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை. அது எதிர்பார்க்கும் ஒரு ஃபைல் அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அது என்ன ஃபைல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ரக ஸ்கேனர்களுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்ட முழு மென்பொருள் இல்லை. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு சிறு ஃபர்ம்வேர் ஃபைலை அனுப்பினால்தான் அதற்கு விளக்கை எரிக்கவும் ஸ்கேன் செய்யும் தலையை நகர்த்தவும் தெரியும். விண்டோஸில் எப்சன் டிரைவரே இதைச் சத்தமில்லாமல் செய்துவந்தது. லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனித்துக்கொள்வது ‘சேன்’ என்ற மென்பொருள் தொகுப்பு. அதிலுள்ள ‘ஸ்னாப்ஸ்கேன்’ என்ற பகுதிக்கு உங்கள் ஸ்கேனரை நன்றாகவே தெரியும். ஆனால் ஃபர்ம்வேரின் உரிமை தயாரிப்பாளரிடம் இருப்பதால் சேன் அதைத் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை. நாம்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஒருமுறை உறுதிசெய்துகொள்வோம். கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்று ஐந்து எழுத்துகளைச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் வரிகளில் 04பி8:0122 என்று ஒன்று இருக்கும். முன்பாதி எப்சனின் எண், பின்பாதி உங்கள் மாடலின் எண். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட இந்த எண்ணையே நம்புங்கள், ஏனென்றால் ஒரே ஸ்கேனர் வேறு வேறு பெயர்களில் விற்கப்பட்டிருக்கிறது.

உங்களுக்குத் தேவையான ஃபைலின் பெயர் ‘ஈஎஸ்எஃப்டபிள்யு52’, அதன் பின்னால் ஒரு புள்ளி, கடைசியில் பி, ஐ, என் என்ற மூன்று எழுத்துகள். ஸ்கேனரோடு வந்த குறுவட்டு இருந்தால் அதற்குள் தேடுங்கள். சில வட்டுகளில் அது ‘கேப்’ வகை சுருக்கு ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும். லினக்ஸில் ‘கேப்எக்ஸ்ட்ராக்ட்’ என்ற கருவியை நிறுவினால் பிரித்து எடுத்துவிடலாம். வட்டு இல்லையென்றால், எப்சன் டிரைவர் ஏற்கெனவே ஏறியிருக்கும் எந்தப் பழைய விண்டோஸ் கணினியிலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரைத் தேடுங்கள். யாரோ இணையத்தில் போட்டுவைத்த நகலை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கிடைத்ததை யுஎஸ்ஆர், ஷேர், சேன், ஸ்னாப்ஸ்கேன் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் ஃபோல்டரில் வையுங்கள். கடைசி ஃபோல்டர் இல்லாவிட்டால் நிர்வாகி உரிமையோடு நீங்களே உருவாக்கலாம். அப்புறம் ஈடிசி ஃபோல்டரில் சேன்.டி என்பதைத் திறந்து, அதற்குள் இருக்கும் ஸ்னாப்ஸ்கேன்.கான்ஃப் ஃபைலை நிர்வாகி உரிமையோடு திருத்துங்கள். ‘ஃபர்ம்வேர்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘யுவர்-ஃபர்ம்வேர்ஃபைல்.பின்’ என்று வெறும் மாதிரிப் பெயர் ஒன்று இருக்கும். அதை அழித்துவிட்டு உங்கள் ஃபைலின் பெயரை எழுதிச் சேமியுங்கள்.

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். வட்டிலிருந்து எடுத்த ஃபைலின் பெயர் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. வரியில் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு ஃபைலைப் பெரிய எழுத்தில் விட்டுவைத்ததால் ஓர் இரவு முழுவதும் நான் காரணம் தேடியிருக்கிறேன். பிழைச் செய்தி இதைச் சொல்லவே சொல்லாது. ஃபைலை எல்லாரும் படிக்கலாம் என்ற அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஸ்கேனரின் மின்கம்பியைக் கழற்றி, பத்து விநாடி கழித்து மறுபடி செருகுங்கள். டெர்மினலில் ஸ்கேன், இமேஜ் இரண்டையும் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய எழுத்து எல்லும் அடியுங்கள். ஸ்னாப்ஸ்கேன் என்று தொடங்கும் வரி வரும். பிறகு மின்ட்டிலேயே இருக்கும் ஆவண ஸ்கேனர் செயலியைத் திறந்தால், கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிந்து நகர்வதைப் பார்க்கலாம். கட்டளைக்கு முன்னால் ‘சூடோ’ போட்டு நிர்வாகி உரிமை கொடுத்தால்தான் ஓடுகிறது என்றால் உங்கள் பயனர் பெயரை ‘ஸ்கேனர்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ஒருமுறை ஓடி மறுமுறை நின்றுபோனால் நீல நிற யுஎஸ்பி 3 துளையை விட்டுவிட்டு யுஎஸ்பி 2 துளையிலோ பழைய யுஎஸ்பி 2 ஹப்பிலோ செருகிப் பாருங்கள். தலை நகராமல் ‘கரகர’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அடிப்பக்கத்தில் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துச் செல்லும்போது தலை ஆடாமல் இருக்கப் போடும் பூட்டு அது. வீடு மாறும் நாளில் மறக்காமல் அதைப் போட்டுவிடுங்கள்.

கேனன் லைடு 20, 110, 220 போன்றவை வைத்திருப்பவர்களுக்கு இந்த ஃபைல் வேலையே கிடையாது. செருகினால் போதும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஸ்கேனரின் கண்ணாடியில் புகைமூட்டம்போல் ஒரு படலம் படிந்திருக்கும். மேல்பக்கத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

கடிதங்களுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும், சின்னப் புகைப்படங்களுக்கு 600. பெட்டியில் போட்டிருக்கும் 3200க்குப் போகாதீர்கள். ஏ4 பக்கம் ஒன்று 600இல் வண்ணத்தில் எடுத்தாலே சுருக்காத நிலையில் ஏறக்குறைய 100 எம்பி வரும். ஆனால் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுக்காதீர்கள். மங்கிய நீல மையும் பழுப்பேறிய தாளும் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும், பிறகு மையை மட்டும் தூக்கிக் காட்டவும் அதுவே உதவும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாக எழுத்தாக்கித் தரும், தாத்தாவின் கையெழுத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

டின்னில் மடிப்பு ஏர்மெயில் தாள்கள் இருந்தால் முழுக்க விரித்து இரண்டு பக்கமும் எடுங்கள். இடமில்லாமல் மடிப்பு ஓரத்தில் நெருக்கி எழுதிய வரிகளும் வெளிப்பக்கத்துத் தபால் முத்திரையும் அப்போதுதான் கிடைக்கும். தாத்தா தேதி போடாத கடிதங்களை வரிசைப்படுத்த அந்த முத்திரை உதவும்.