அறுவை அரங்குக்கு வெளியே ஓர் ஆண்டு

அன்புள்ள ஐயா,

நான் தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். எம்.பி.பி.எஸ். முடித்து, முதுநிலை நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். இடம் கிடைக்கவில்லை. அந்தப் பாடத்தைத்தான் மிகவும் விரும்பிப் படித்தேன். என் தரவரிசைக்கு மயக்கவியல் கிடைக்கக்கூடும். அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. படிப்புக் கடன் இன்னும் அடையவில்லை. "பெண்பிள்ளைக்கு எதுக்குக் கத்தி?" என்று மாமா கேட்கிறார். பயிற்சி மருத்துவராக இருந்தபோது குடல்வால் அறுவைகளில் உதவிக்கு நின்ற நாள்களைப் போல வேறெதுவும் எனக்கு மனநிறைவைத் தந்ததில்லை. நெய்யூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் சாமர்வெல்கூட எவரெஸ்டிலிருந்து தோற்றுத் திரும்பியவர்தானே என்று தோழி தேற்றுகிறாள். மூன்றாம் முறை எழுதட்டுமா, கிடைப்பதில் சேரட்டுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் தோழியின் ஆறுதல் நல்லெண்ணத்தில் சொன்னது, ஆனால் பொருந்தாது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு, லண்டனில் தமக்கிருந்த வாய்ப்பை விட்டுவிட்டு இங்கே வந்தார். அப்போதே அவர் முழுப் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர். 1924இல் மறுபடியும் ஏறி உச்சியை எட்டாமல் திரும்பியதால் அவருடைய தொழிலுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. உங்களுக்கோ தொழிலுக்குள் நுழையும் வாசலே திறக்கவில்லை. அந்த வருத்தத்தைச் சிறிதாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை.

ஆனால் அந்த வாசலில் எதைப் பார்த்து ஆளை நிறுத்துகிறார்கள் என்பதை யோசியுங்கள். 200 கேள்விகள், 800 மதிப்பெண். உயிர்வேதியியல் முதல் சமூக மருத்துவம் வரை 19 பாடங்கள். உங்கள் கை எப்படிப்பட்டது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. அறுவைப் பாடத்தை விரும்பிப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமே அந்த இடத்தில்தான். பிடித்த பாடத்தில் ஏற்கெனவே வரும் மதிப்பெண்ணைச் சற்றுக் கூட்டுவதைவிட, பிடிக்காத மருந்தியலிலும் நுண்ணுயிரியலிலும் விட்டதைப் பிடிப்பது எளிது. பழைய மாதிரித் தேர்வுகளை எடுத்துவைத்துப் பாடவாரியாகப் பிழைகளை எண்ணிப் பாருங்கள். கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் எம்.எஸ். மட்டும் போட்டு, தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. பட்டத்துக்கான இடங்களை விட்டுவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். அதே நீட் தரவரிசையில் சேரக்கூடிய, அதே மூன்றாண்டுப் படிப்பு அது. தரம் குறைந்தது என்று நம்மூரில் ஓர் எண்ணம் இருக்கிறது, அதற்கு ஆதாரம் இல்லை.

என் கதையையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் மாநில நுழைவுத் தேர்வில் எனக்கும் இரண்டு முறை இடம் கிடைக்கவில்லை. முதல் முறைக்குப் பிறகு, அறுவைக்குப் பெயர்பெற்றது என்பதற்காகவே ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேர்ந்தேன். இரவெல்லாம் கேஸ் ஷீட் எழுதினேன், டிரிப் போட்டேன். பத்து மாதத்தில் நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் கால்வைத்த நாள்களை விரல்விட்டு எண்ணலாம், படிக்கவும் நேரமில்லை. அது வீணான ஆண்டு, குற்றம் என்னுடையதும்தான், ஏனெனில் சேரும்போது நான் சம்பளத்தைத் தவிர எதையும் கேட்கவில்லை. நீங்கள் வேலை தேடும்போது, வாரத்தில் எத்தனை நாள் கைகழுவி அறுவையில் உதவிக்கு நிற்க விடுவார்கள், எத்தனை இரவுப் பணி என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறிடம் பாருங்கள். இரண்டாம் தோல்விக்குப் பின் நான் அரசுப் பணிக்குப் போய், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பணியிலுள்ள மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் பெற்றேன். அந்த வழி இன்றும் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் அந்தப் பதவிக்கு 'அசிஸ்டென்ட் சர்ஜன்' என்று பெயர். பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்; அங்கே நீங்கள் கீறப்போவது பெரும்பாலும் சீழ்க்கட்டிகளைத்தான்.

மயக்கவியலைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். குடல்வால் அறுவைகளில் நின்ற நாள்களில், திரைத்துணிக்கு அந்தப் பக்கம் நோயாளியின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கையில் வைத்திருந்தவரை ஒருமுறையாவது ஆவலோடு கவனித்தீர்களா? கவனித்திருந்தால் தயங்காமல் சேருங்கள். அறுவைக்கு மாற்றாக அல்ல, மயக்கவியலுக்காகவே. கவனிக்கவில்லை என்றால் அதைக் காத்திருக்கும் திண்ணையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். சேர்ந்தபின் பாதியில் விலகினால் பெருந்தொகை கட்ட நேரிடும். கடைசிச் சுற்றுகளில் ஒதுக்கிய இடத்தில் சேராமல் விட்டாலும் வைப்புத்தொகை போகும், அடுத்த தேர்வுக்குத் தடையும் வரலாம். அந்தந்த ஆண்டின் கலந்தாய்வுக் கையேட்டை வரிவிடாமல் படித்த பிறகே விருப்பங்களைப் பூட்டுங்கள்.

கை மறக்காமலிருக்க, மேசை இழுப்பறையின் கைப்பிடியில் பட்டுநூல் கட்டி நாள்தோறும் முடிச்சுப் போடுங்கள், இடக்கையாலும். தையலை ஏத்தன் பழத்தோலில் தொடங்கி மட்டிப்பழத்துக்கு வாருங்கள். அதன் தோல் மெல்லியது. நூலைச் சற்றுக் கூடுதலாக இழுத்தாலும் கிழிந்துவிடும். குடலைத் தைக்கும்போது என் ஆசிரியர் ஓயாமல் கண்டித்தது இதைத்தான்.

உங்கள் மாமாவுக்கு நான் பதில் சொல்வதைவிட உங்கள் அப்பா சொல்வது நல்லது. பட்டையில் பால் வரும் ஆழம்வரை வெட்ட வேண்டும், அதைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்ற கணக்கைக் கத்தியில் வைத்துக்கொண்டு விடியுமுன் வேலைக்குப் போகிறவருக்கு, மகள் கையில் கத்தி ஏன் வேண்டும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

மூன்றாம் முறை எழுதுங்கள் என்பதே என் கருத்து, ஒரு நிபந்தனையோடு. இன்னும் எத்தனை மாதம், அதுவரை கடன் தவணைக்குச் சம்பளத்திலிருந்து எவ்வளவு, நான்காம் முறை உண்டா இல்லையா என்பதை அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.