பெங்களூரு வேலை: 9.6 லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மூன்று வருடமாகச் சென்னை பெருங்குடியில் தனியார் கம்பெனி வேலை. கைக்கு 45,000 ரூபாய் வருகிறது. வேளச்சேரி ஹாஸ்டலில் சாப்பாட்டோடு 9,500. வீட்டுக்கு 12,000 அனுப்புகிறேன். மீதி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. பேங்கில் 80,000 இருக்கிறது, கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி. இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 9.6 லட்சம் சி.டி.சி.க்கு ஆஃபர். மாதம் 80,000 ஆகிறதே சார், 22,000 வாடகையில் தனி வீடு எடுக்கலாமா?

பதில்: வேலைக்குப் போகலாம். வீடு இப்போது வேண்டாம்.

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வருவது அல்ல. 80,000 என்பது அந்த 9.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்த கணக்கு. நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 96,000 வேரியபிள் பே, அதாவது மாதச் சம்பளத்தில் வராத, கூடக் குறைய ஆகக்கூடிய பணம். கம்பெனி கட்டும் பி.எஃப். 46,080, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை சுமார் 18,500, இன்ஷூரன்ஸ் 10,000. இவையெல்லாம் போக மாதம் 65,800 நிற்கிறது. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 3,840, கர்நாடகத் தொழில் வரி 200 பிடிப்பார்கள். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, கைக்கு 61,700 சொச்சம். கூடுவது 35,000 அல்ல, 16,700தான். பி.எஃப். உங்கள் பணம், எங்கும் போகாது. கிராஜுவிட்டி அப்படியில்லை, பொதுவாக ஐந்து வருடம் நின்றால்தான் கிடைக்கும். உங்கள் வயதில் யார் நிற்கிறார்கள்?

இனி வீடு. பெங்களூரில் ஐந்து மாத அட்வான்ஸ் சாதாரணம், பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு. ஐந்து என்றே வைத்தாலும் 1,10,000. உங்கள் மொத்தச் சேமிப்பே 80,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, மெயின்டனன்ஸ் தனி, காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வார்கள். வாடகை மட்டும் இப்போதைவிட 12,500 அதிகம். சாப்பாட்டைச் சேர்த்தால் கூடிய சம்பளம் அங்கேயே தீர்ந்துவிடும். முதல் ஆறு மாதம் ஹாஸ்டல் மாதிரியான பி.ஜி.யில் ஷேரிங்கில் இருங்கள். ஆபீசுக்கு நடந்து போகும் தூரம் என்றால் நல்லது, இல்லாவிட்டால் மெட்ரோ பர்ப்பிள் லைன் ஓரமாகப் பாருங்கள். 2023 அக்டோபரிலிருந்து அது ஒயிட்ஃபீல்டு வரை ஓடுகிறது. அந்த ஊர் டிராஃபிக்கில் தினமும் கேப் பிடித்தால் சம்பளமும் போகும், சாயங்காலமும் போகும்.

வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக இப்போதே உங்களிடம் 23,500 மிஞ்சுகிறது. அது காணாமல் போகிறது என்றால் சம்பளம் கூடினாலும் காணாமல்தான் போகும். நான் பார்த்தவரை ஆபீஸ் வேலைக்காரர்களின் பணம் பெரிய செலவில் கரைவதில்லை. நாலு மணி டீயும் பஃப்ஸும், வெள்ளிக்கிழமை ட்ரீட், யாரோ வேலையை விட்டுப் போகிறார் என்று வசூல், லேட்டாகி அறைக்கு வந்து ஆர்டர் போடும் பிரியாணி. தீபாவளிக்கு ஆம்னி பஸ் கேட்கும் விலை தெரிந்ததுதான்; ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, அன்றே போட்டுவிடுங்கள். இதையெல்லாம் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. மூன்று மாத யு.பி.ஐ. ஸ்டேட்மென்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், போதும்.

கார்டு பாக்கியை இன்றே அடைத்துவிடுங்கள். அதற்கு மாதம் மூன்றரை சதவீதம் போல வட்டி. சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கே அவ்வளவு வராது. மீதி 42,000-ஐ முதல் சம்பளம் வரும்வரை தொடாதீர்கள். மாத நடுவில் சேர்ந்தால் சில கம்பெனிகளில் சம்பளம் அடுத்த மாதம்தான் வரும்.

அப்புறம், வேரியபிளில் பாதியையாவது ஃபிக்ஸடாக மாற்றித் தரச் சொல்லி எச்.ஆரிடம் கேளுங்கள். ஆஃபரில் கையெழுத்துப் போடும்வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு. ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்றால், ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டுமா என்று படித்துப் பாருங்கள். பழைய பி.எஃப்.பை எடுக்காமல் வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.னில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. உங்கள் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கேற்ற சேரும் தேதியைப் புதுக் கம்பெனி மெயிலில் ஒப்புக்கொண்ட பிறகு ராஜினாமா கொடுங்கள்.