களைக்காத பையன்கள் ஏன் பந்துக்கு முந்துவதில்லை?

கேள்வி: இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 13 முதல் 16 வயது வரையான பையன்களுக்கு உதைபந்து பழக்குகிறேன். தினமும் விடியற்காலையில் தோட்டத்து ரோட்டில் 5 கிலோமீட்டர் ஓடவைக்கிறேன். மேட்ச்சில் கடைசி நிமிடம் வரை யாரும் களைப்பதில்லை. ஆனால் டவுன் டீம்களோடு விளையாடும்போது பந்துக்கு ஓடினால் முதல் பத்தடியிலேயே பின்தங்கிவிடுகிறார்கள். ஓட்டத்தை 8 கிலோமீட்டராகக் கூட்டலாமா, சேர்?

பதில்: கூட்ட வேண்டாம் தம்பி, குறைத்துவிடுங்கள். உங்கள் பையன்களுக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மலை ஏறி இறங்குகிற பிள்ளைகளுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி தானாகவே வந்துவிடும். அதற்கு மேல் தினமும் 5 கிலோமீட்டர் ஒரே சீராக ஓடினால் உடம்பு அந்த மிதமான ஓட்டத்துக்குத்தான் பழகும். வேகம் வேண்டுமானால் வேகமாக ஓடித்தான் பழக வேண்டும், அதுவும் களைக்காத காலோடு.

உதைபந்தில் ஒருவன் முழு மூச்சாகப் பாய்வது பெரும்பாலும் 10, 20 மீட்டர்தான். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டே உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகுதான். மைதானத்தில் அவ்வளவு தூரம் யாருக்குக் கிடைக்கும்? ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது புறப்படும் வேகத்தை.

பாய்ச்சல் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் போதும், செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாலையில் செய்யுங்கள். நம் ஊர் விடியற்காலைக் குளிரில் தசை இறுகிக் கிடக்கும். எப்படியானாலும் முதலில் கால் மணி நேரம் மெதுவோட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுவது, கால் வீசுவது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி மூன்று ஓட்டம். அதற்குப் பிறகுதான் பாய்ச்சல்.

நல்ல சமதரை மைதானம் இல்லையே என்று கவலைப்படுகிறீர்களா? மேடு உங்களுக்குக் கிடைத்த வரம். தோட்டத்து ரோட்டில் லேசான ஏற்றம் ஒன்றைப் பாருங்கள். லொறி முக்கி முனகி ஏறும் ஏற்றம் வேண்டாம், சீட்டிலிருந்து எழும்பாமல் சைக்கிள் மிதிக்கக்கூடிய ஏற்றம் போதும். அங்கே 15 மீட்டர், முழு வேகத்தில், ஐந்தாறு தடவை. ஏற்றத்தில் உடம்பு தானாக முன்னே சாயும், கால் தரையைப் பின்னால் தள்ளும். புறப்படும் வேகத்துக்கு வேண்டியதே அதுதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நடந்து இறங்கி, ஒன்றரை இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். "களைக்கவே இல்லையே சேர்" என்பார்கள். களைக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஓய்வு. இறக்கத்தில் மட்டும் முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள், தொடையின் பின்தசையும் முழங்காலும் அடிவாங்கும்.

ஓடும்போது முதல் மூன்று எட்டைக் கவனித்துப் பாருங்கள். பிந்துகிற பையன் அநேகமாகப் புறப்பட்டவுடனே நிமிர்ந்துவிடுவான். கால் உடம்புக்கு முன்னால் போய் ஊன்றும். ஒவ்வொரு எட்டிலும் அவனுக்கு அவனே பிரேக் போடுகிறான். அவனைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். இடுப்பை வளைக்காமல் கணுக்காலிலிருந்தே முன்னே சாயட்டும், விழப்போகும் நேரத்தில் ஓடட்டும். முழங்கையைப் பின்னால் வேகமாக இழுக்கட்டும். சில நாளிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் பந்து. இரண்டு பேரை முதுகைக் காட்டி உட்காரவைத்து, நடுவால் பந்தை உருட்டிவிட்டு "போ" என்று கத்துங்கள். விசிலுக்கு ஓடுவதைவிடப் பந்துக்காகப் பாயும்போதுதான் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். அட்டை கடிக்கும் மழைக்காலத்தில் உட்காரவைத்தால் எப்படியும் துள்ளி எழும்புவார்கள் என்பது வேறு விஷயம். ஈரப்புல்லில் வழுக்கும் நாளில் பாய்ச்சலை விட்டுவிட்டு, சின்ன இடத்தில் நாலுக்கு நாலு விளையாடவிடுங்கள். மேட்ச்சுக்கு வேண்டிய மூச்சு அதிலேயே கிடைக்கும்.

கால் பலத்துக்கு ஜிம் தேவையில்லை. லயத்து வாசற்படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒற்றைக் காலை முன்வைத்து உட்கார்ந்து எழும்புவது போதும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழங்காலில் நின்று, கூட்டாளி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னே சாய்வது. தொடையின் பின்தசை கிழியாமல் காப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு. ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற வார்ம்-அப் முறையிலும் இது இருக்கிறது.

13, 14 வயதில் சிலர் திடீரென்று உயர்ந்துவிடுவார்கள். கால் நீளும், ஓட்டம் தடுமாறும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தாலோ குதிகால் வலித்தாலோ பாய்ச்சலையும் குதிப்பதையும் குறைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். அந்தப் பையனை டீமிலிருந்து கழற்றிவிடாதீர்கள். ஒருவனை அவனுடைய பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, ஃபோனில் வீடியோ எடுத்தால் கைக் கடிகாரத்தைவிடச் சரியாக இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் சொல்லப்போவதில்லை. ரொட்டியோடு பருப்பு, அவித்த கௌபி, நெத்தலி, முடிந்த நாளில் முட்டை. ஆனால் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றப் பாருங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். சோற்றில் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. ஒருவன் வெளிறிப்போய், மற்றவர்களுக்கு முன்பே மூச்சு வாங்கினால் திட்டாதீர்கள், ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

உயரமான இடத்தில் இருப்பதால் வேகம் வராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் இலங்கை ஓட்டவீரர் யுபுன் அபேகோன் 2022இல் 100 மீட்டரை 9.96 விநாடியில் ஓடியது சுவிட்சர்லாந்தின் மலை ஊர் ஒன்றில்தான்.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைப் பாய்ச்சலை வியாழனுக்கு மாற்றி, மூன்று தடவையோடு நிறுத்திவிடுங்கள். அந்த வாரமும் அடுத்தடுத்த நாளில் பாய்ச்சல் வைக்க வேண்டாம்.