விண்வெளி டெலஸ்கோப்ப நெனச்ச நேரத்துல நெனச்ச பக்கம் திருப்ப முடியாதா? ஷெட்யூல் எதுக்கு?

முடியாதுங்க. எத, எப்ப, எவ்ளோ நேரம், எந்த கேமராவுல பாக்கணும்னு முன்கூட்டியே போடற அட்டவணைதான் ஷெட்யூல்.

ஹபிள்ன்ற விண்வெளி டெலஸ்கோப் பூமிய சுமார் 95 நிமிஷத்துக்கு ஒரு தடவ சுத்துது, அதுல ஏறக்கொறைய பாதி நேரம் பாக்க வேண்டிய பொருள பூமியே மறைச்சிரும், சூரியன் பக்கம் திரும்பக் கூடாது, தென் அட்லாண்டிக் மேல கதிர்வீச்சு அதிகமா இருக்கற ஏரியாவுல படம் எடுக்க முடியாது, அதுபோக அது திரும்பற வேகமே கடிகாரத்து நிமிஷ முள்ளு வேகம்தான், 90 டிகிரிக்கு கால் மணி நேரம். ஜேம்ஸ் வெப்ன்ற இன்னொரு விண்வெளி டெலஸ்கோப் கதை வேற. கண்ணாடில வெயிலே படக்கூடாதுன்றதால ஒரு சமயத்துல வானத்துல சுமார் 40 சதவீதம்தான் அதுக்கு கெடைக்கும், மிச்சத்துக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும்.

கடலூர் முதுநகர்ல போட் கெளம்பறத பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். டீசல், ஐஸ், ஆளு எல்லாம் ரெடியா இருந்தாலும் முகத்துவாரத்துல தண்ணி ஏறணும், காத்து ஒத்து வரணும், ஒண்ணு இடிச்சாலும் கரையிலயே நிக்க வேண்டியதுதான்.

நடுவுல திடீர்னு எங்கயாவது ஒரு நட்சத்திரம் வெடிச்சா போட்ட ஷெட்யூல கலைச்சிட்டு மறுபடி போடுவாங்க, அந்த டீமுக்கு கோயிலே கட்டலாம்!

அப்புறம், யாரோ ரூம்ல உக்காந்து ஜாய்ஸ்டிக்ல லைவா திருப்பறாங்கன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல, கட்டளைங்கள முன்னாடியே அனுப்பிருவாங்க, டெலஸ்கோப் அதப் பாத்து தானா வேல செய்யும்.